ஒப்பந்தம் முடியும் முன்பே கைத்தொலைபேசியை மாற்றலாமா?

ஒரு காட்சியை மனக்கண்ணில் கொண்டுவந்து பார்க்கலாம். சனிக்கிழமை மாலை. உட்லண்ட்ஸ் வட்டாரக் கடைத்தொகுதி ஒன்றில் தொலைத்தொடர்பு நிறுவனக் கடை. பேருந்து ஓட்டுநரான தந்தையும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகனும் முகப்பில் நிற்கிறார்கள். சுவரில் பெரிய எழுத்தில் "450 வெள்ளி மட்டுமே" என்று புது மாடல் சிரிக்கிறது.

"அப்பா, இந்த போன் மதியத்துக்கு மேல தாங்க மாட்டேங்குது. புதுசு 450 வெள்ளிதான் போட்டிருக்காங்க, பாருங்க."

"நம்ம கான்ட்ராக்ட் இன்னும் முடியலையே தம்பி?"

முகப்பில் இருக்கும் இளைஞர் குறுக்கிடுகிறார். "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல அங்கிள். ஒன்பது மாசம்தான் பாக்கி. 300 வெள்ளி கட்டினா இன்னைக்கே மாத்திக்கலாம்."

தந்தை மனத்தில் கூட்டிப் பார்க்கிறார். 450, 300. மொத்தம் 750 வெள்ளி. இந்த மாதம் கூடுதல் நேர வேலை பார்த்த பணம் இருக்கிறது. பேனாவை எடுக்கிறார்.

சிங்கப்பூரில் பல குடும்பங்களுக்குப் பழக்கமான காட்சி இது. ஆனால் தந்தை போட்ட கூட்டல் சரியான கூட்டல்தானா? ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே கைத்தொலைபேசியை மாற்றும்போது உண்மையில் கொடுக்கும் விலை என்ன? பேனாவை எடுக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி இது.

குறைந்த விலை எங்கிருந்து வந்தது?

1997ஆம் ஆண்டு வரை சிங்கப்பூரில் கைத்தொலைபேசிச் சேவை வழங்கிய நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். அது சிங்டெல். 1997 ஏப்ரலில் மொபைல்ஒன், அதாவது இன்றைய எம்1, களத்தில் இறங்கியது. 2000 ஏப்ரலில் ஸ்டார்ஹப் வந்தது. மூன்று நிறுவனங்களும் வாடிக்கையாளர்களுக்காகப் போட்டியிட்டபோது அவற்றின் கையில் இருந்த வலுவான தூண்டில், விலை குறைக்கப்பட்ட கைத்தொலைபேசிதான்.

இந்த ஏற்பாடு புரிந்துகொள்ள எளிதானது. கடையில் தனியாக வாங்கினால் 1,300 வெள்ளி ஆகும் கைத்தொலைபேசியை நிறுவனம் 450 வெள்ளிக்குத் தருகிறது. மீதி 850 வெள்ளியை யாரும் தானம் செய்வதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் தவறாமல் கட்டணம் செலுத்துவதாக வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கிறார். அந்த மாதக் கட்டணத்துக்குள் மீதி விலை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடுகிறது. பெயர் சந்தாவாக இருந்தாலும் அதில் ஒரு பகுதி தவணைக் கடன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. கைத்தொலைபேசி இல்லாமல் சிம் அட்டையை மட்டும் தரும் திட்டத்தின் மாதக் கட்டணத்தைப் பார்க்கவேண்டும். பிறகு கைத்தொலைபேசியோடு வரும் திட்டத்தின் கட்டணத்தைப் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை 24ஆல் பெருக்கினால், "குறைந்த விலை"க்குள் மறைந்திருக்கும் தொகை ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

இந்த ஒப்பீடு முன்பு கடினமாக இருந்தது. இப்போது எளிது. 2016இல் சர்க்கிள்ஸ் லைஃப் ஒப்பந்தமே இல்லாத சேவையோடு சந்தைக்கு வந்தது. 2019இல் சிங்டெல் 'கோமோ'வையும் ஸ்டார்ஹப் 'கிகா'வையும் தொடங்கின. இன்று சிம் அட்டை மட்டும் தரும் திட்டங்கள் ஏராளம். கைத்தொலைபேசிக்கு ஒரு விலை, சேவைக்கு ஒரு விலை என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு வாடிக்கையாளருக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர்தான் குறைவு.

தந்தையின் கணக்கும் சரியான கணக்கும்

இப்போது அந்தத் தந்தையின் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். இங்கே வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. நிறுவனத்துக்கு நிறுவனம், திட்டத்துக்குத் திட்டம் அவை மாறும். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

தற்போதைய மாதக் கட்டணம் 70 வெள்ளி. இன்னும் 9 மாதங்கள் பாக்கி. சிம் அட்டை மட்டும் தரும் திட்டம் மாதம் 25 வெள்ளி. பழைய கைத்தொலைபேசியின் பேட்டரியை மாற்ற 100 வெள்ளி. இன்று தொடங்கி அடுத்த 24 மாதங்களில் கையைவிட்டுப் போகும் மொத்தப் பணம் எவ்வளவு என்பதே கேள்வி.

முதல் வழி, கடைக்காரர் சொன்ன வழி. முன்கூட்டியே மாற்றுவதற்கு 300, கைத்தொலைபேசிக்கு 450, புதிய ஒப்பந்தத்தில் 24 மாதங்களுக்கு 1,680. மொத்தம் 2,430 வெள்ளி.

இரண்டாவது வழி, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போவது. முறிப்புக் கட்டணம் 405 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். புதிய நிறுவனத்திலும் அதே விலை, அதே மாதக் கட்டணம் என்றால் மொத்தம் 2,535 வெள்ளி.

மூன்றாவது வழி, பழைய ஒப்பந்தத்தைத் தொடாமல், கைத்தொலைபேசியை மட்டும் 1,300 வெள்ளிக்குத் தனியாக வாங்கி அதே சிம் அட்டையைப் போட்டுக்கொள்வது. பாக்கி 9 மாதங்களுக்கு 630. பிறகு சிம் அட்டைத் திட்டத்துக்கு மாறி 15 மாதங்களுக்கு 375. மொத்தம் 2,305 வெள்ளி. முதல் வழியைவிட 125 வெள்ளி குறைவு. அதோடு ஒன்பதாம் மாதத்திலிருந்து எந்தக் கட்டும் இல்லை.

நான்காவது வழி, பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு பழையதையே தொடர்வது. பேட்டரிக்கு 100, ஒன்பது மாதங்களுக்கு 630, பிறகு 375. மொத்தம் 1,105 வெள்ளி.

முதல் வழிக்கும் நான்காவது வழிக்கும் இடையே 1,325 வெள்ளி வித்தியாசம். தந்தை மனத்தில் கூட்டியது 750. விளம்பரம் சொன்னது 450. ஆனால் அன்று மாலை கையெழுத்திடுவதன் உண்மையான விலை 1,325 வெள்ளி.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 70 வெள்ளித் திட்டத்தில் கிடைக்கும் தரவு அளவும் வெளிநாட்டு அழைப்புச் சலுகையும் 25 வெள்ளித் திட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். வீட்டுக்கு வீடு தேவை வேறுபடும். அதனால் கடந்த மூன்று மாதக் கட்டண அறிக்கைகளை எடுத்து உண்மையில் எவ்வளவு தரவு பயன்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. வாங்கியதில் பாதியைக்கூடப் பயன்படுத்தாதவர்கள் பலர்.

காத்திருந்தால் என்ன கிடைக்கும்?

ஒப்பந்தம் முடியும் நாள்வரை காத்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. ஒப்பந்தம் முடிவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போதே கட்டணமின்றிப் புதுப்பிக்க நிறுவனங்கள் பொதுவாக இடம் தருகின்றன. வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடக்கூடாது என்ற அக்கறைதான் காரணம். அந்த நாள் எது என்பது நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலோ தெரிந்துகொள்ளக்கூடிய தகவல். ஐந்து ஆறு மாதம் பொறுத்தால் 300 வெள்ளி மிச்சம். அதற்குள் அடுத்த மாடல் வெளிவந்தால், இன்று சுவரில் சிரிக்கும் மாடலின் விலையும் இறங்கியிருக்கும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் எதுவும் செய்யாமல் இருந்துவிடுவது இன்னொரு வகை நட்டம். கைத்தொலைபேசியின் விலை முழுவதும் கட்டி முடிந்திருக்கும். ஆனாலும் மாதக் கட்டணம் 70 வெள்ளியாகவே தொடரக்கூடும். முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்துக்கொள்வது முன்கூட்டியே மாற்றத் துடிப்பவருக்கும் நல்லது, மறந்து இருப்பவருக்கும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் நிறுவனம் கட்டணம் கேட்கலாம். ஆனால் நினைத்த தொகையைக் கேட்க முடியாது. அந்தக் கட்டணம், வாடிக்கையாளருக்குக் கொடுத்த சலுகையின் அளவுக்கும் அவர் ஏற்கெனவே சேவையைப் பயன்படுத்திய காலத்துக்கும் நியாயமான பொருத்தத்தில் இருக்கவேண்டும் என்பது சிங்கப்பூரின் தொலைத்தொடர்புப் போட்டித்தன்மை விதிமுறைகளில் உள்ள கோட்பாடு. எளிமையாகச் சொன்னால், இரண்டாவது மாதத்தில் விலகுபவரிடமும் இருபத்திரண்டாவது மாதத்தில் விலகுபவரிடமும் ஒரே தொகையைக் கேட்பது நியாயமாகாது. கேட்கப்படும் தொகை எப்படி வந்தது என்று விளக்கம் கேட்க வாடிக்கையாளர் தயங்க வேண்டியதில்லை.

கேட்காத சேவைக்குக் கட்டணம் விதிப்பதையும் அந்த விதிமுறைகள் தடுக்கின்றன. புதுப்பிக்கும்போது "மூன்று மாதம் இலவசம்" என்று சேர்க்கப்படும் கூடுதல் சேவைகள் நான்காவது மாதத்தில் என்ன ஆகும் என்பதை முகப்பிலேயே கேட்டுவிடவேண்டும்.

விற்பனையாளர் வாயால் சொன்னதும் தாளில் இருப்பதும் வேறுபட்டால், 2004இல் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டம் துணைக்கு இருக்கிறது. பொய்யான அல்லது திசைதிருப்பும் வாக்குறுதி கொடுப்பதை அது நியாயமற்ற செயலாகக் கருதுகிறது. ஆனால் வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம். ஆகவே சொன்னதை எழுத்தில் தரும்படி கேட்பதே பாதுகாப்பு.

சர்ச்சை வந்தால் முதலில் நிறுவனத்திடமே முறையிடவேண்டும். அங்கே தீராவிட்டால், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2022இல் தொடங்கிய மாற்றுச் சர்ச்சைத் தீர்வுத் திட்டத்தின்கீழ்ச் சிங்கப்பூர்ச் சமரச நிலையத்தை அணுகலாம். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமும் உதவும். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கிறது. அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. சாதாரண மனிதர் தாமே பேசலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும் என்பது முக்கியம்.

பழுதா, ஆசையா?

பலர் முன்கூட்டியே மாற்ற நினைப்பதற்குக் காரணம் கைத்தொலைபேசி கெட்டுப்போனதுதான். இங்கே ஒரு சட்டம் மறக்கப்படுகிறது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ வேண்டும். அது முடியாதபோது விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். கீழே போட்டு உடைத்ததற்கும் பயன்பாட்டால் பேட்டரி தேய்ந்ததற்கும் இது பொருந்தாது. ஆனால் வாங்கிய நான்காம் மாதமே ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை என்றால், 300 வெள்ளி கட்டிப் புதியது வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

உண்மையான தேவையும் உண்டு. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 3ஜி சேவை 2024இல் விடைபெற்றது. 4ஜி வழியாகக் குரல் அழைப்புச் செய்ய முடியாத பழைய கைத்தொலைபேசியில் இப்போது பேச முடியாது. நிறுவனத்திடமிருந்து பாதுகாப்பு மேம்பாடு வருவது நின்றுபோன கைத்தொலைபேசியில் வங்கிச் செயலியை வைத்திருப்பதும் ஆபத்து. பாட்டியின் கையில் இருக்கும் பழைய கைத்தொலைபேசி இந்த வகையைச் சேர்ந்தது என்றால் முதலில் மாற்றவேண்டியது அதைத்தான். அதற்கு விலை உயர்ந்த மாடலும் தேவையில்லை, இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் தேவையில்லை.

கையெழுத்து யாருடையது?

வீட்டில் நான்கு இணைப்புகள் இருந்தாலும் ஒப்பந்தத் தாளில் இருப்பது பெரும்பாலும் ஒரே பெயர்தான். பேசுபவர் யாராக இருந்தாலும் பொறுப்பு கையெழுத்திட்டவருக்குத்தான். மகன் தேசிய சேவைக்குப் போனாலும், மகள் வெளிநாட்டில் படிக்கப் போனாலும் கட்டண அறிக்கை தந்தையின் பெயருக்கே வரும்.

வெளிநாட்டு ஊழியர்களிடையே இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், தங்குவிடுதி நண்பருக்காகத் தம் பெயரில் இணைப்பு எடுத்துக் கொடுக்கிறார். புதுக் கைத்தொலைபேசியும் வருகிறது. எட்டு மாதத்தில் நண்பரின் வேலை அனுமதி முடிந்து ஊருக்குப் போய்விடுகிறார். மீதி 16 மாதக் கட்டணமும் முறிப்புக் கட்டணம் பற்றிய கடிதமும் நட்பின் நினைவாக இங்கே தங்கிவிடுகின்றன. வேலை அனுமதியின் காலம் ஒப்பந்தக் காலத்தைவிடக் குறைவாக இருந்தால், முன்கட்டண அட்டையோ ஒப்பந்தமில்லாத் திட்டமோதான் தகுந்தது. உதவ விரும்பும் நண்பர் கடனாகப் பணம் கொடுக்கலாம், கையெழுத்தைக் கொடுக்கக்கூடாது.

எண்ணை இழந்துவிடக்கூடாது

2008 ஜூன் 13ஆம் தேதி முதல், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் முழுமையான வசதி சிங்கப்பூரில் உள்ளது. இதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. எண் கூடவே வந்துவிட்டதால் பழைய ஒப்பந்தமும் முடிந்துவிட்டது என்று நினைப்பது ஒன்று. எண் போகும். பாக்கிக் கட்டணம் பின்தொடர்ந்து வரும். முதலில் பழைய இணைப்பை ரத்து செய்துவிட்டுப் பிறகு புதிய நிறுவனத்துக்குப் போகலாம் என்று நினைப்பது மற்றொன்று. ரத்தான இணைப்பின் எண்ணை எடுத்துச் செல்வது இயலாமல் போய்விடும். பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்போதே புதிய நிறுவனத்திடம் விண்ணப்பிக்கவேண்டும்.

பழைய கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்து விலைக்கழிவு பெறுபவர்கள், சிங்பாஸ் செயலியும் வங்கியின் மின்னிலக்க அடையாள வில்லையும் புதியதில் வேலை செய்கின்றனவா என்று உறுதிசெய்த பிறகே பழையதை அழித்து ஒப்படைக்கவேண்டும்.

பேனாவை எடுக்கும் முன்

முகப்பில் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து. ஒப்பந்தம் சரியாக எந்தத் தேதியில் முடிகிறது? கட்டணமின்றி எந்தத் தேதியிலிருந்து மாற்றலாம்? இன்று மாற்றினால் கட்டணம் எவ்வளவு, அது எப்படிக் கணக்கிடப்பட்டது? பாக்கி மாதங்கள் புதிய ஒப்பந்தத்தோடு கூட்டப்படுமா, கைவிடப்படுமா? கைத்தொலைபேசியின் விலை தனித் தவணையாக இருந்தால், இடையில் விலகும்போது மீதித் தவணை முழுவதையும் ஒரேயடியாகக் கட்டவேண்டுமா?

கடைசிக் கேள்வி இப்போது முக்கியம். சில திட்டங்களில் சேவைக்கு ஒப்பந்தம் இல்லை என்று பெரிதாக அறிவிக்கப்படும். கைத்தொலைபேசித் தவணையோ 36 மாதங்கள்வரை நீளும். கட்டு அறுந்துவிடவில்லை. ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறியிருக்கிறது.

மீண்டும் அந்தக் கடைக்கே போவோம். தந்தை பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த ஐந்து கேள்விகளையும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இளைஞர் கணினியைப் பார்த்துப் பதில் சொல்கிறார். இன்னும் ஆறு மாதத்தில் கட்டணமின்றி மாற்றலாம் என்று தெரியவருகிறது. மகனின் முகம் வாடுகிறது.

"பேட்டரிய மாத்திடுவோம் தம்பி. ஆறு மாசம் கழிச்சு வருவோம். அப்பவும் இதுதான் வேணும்னா வாங்கித் தரேன்."

மகனுக்கு அன்று மாலை புதுக் கைத்தொலைபேசி கிடைக்கவில்லை. நாளெல்லாம் தாங்கும் பேட்டரி கிடைத்தது. தந்தை பலநாள் விடியலுக்கு முன் எழுந்து பேருந்து ஓட்டிச் சேர்த்த பணம் வீட்டிலேயே இருந்தது. ஆறு மாதம் கழித்து அவர்கள் புதியது வாங்கலாம், வாங்காமலும் போகலாம். எதுவானாலும் அப்போது அவர்கள் கொடுக்கப்போகும் விலை என்னவென்று தெரிந்தே கொடுப்பார்கள்.